கறுப்பு எங்கே தொலைகிறது?

நகல் வெளுத்து வருகிறது என்றதும் பலரும் டோனர் டப்பாவைக் கழற்றிக் குலுக்குவார்கள். தொழில் தெரிந்த மெக்கானிக் உடனே அதைத் தொடமாட்டார். பெரிய கறுப்புப் பட்டை உள்ள ஒரு தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்துவைத்து, பொத்தானை அழுத்தி, வெள்ளைத் தாள் பாதி வழி போயிருக்கும் நேரம் பார்த்து முன்கதவைத் திறந்துவிடுவார். கதவு திறந்தால் இயந்திரம் நின்ற இடத்தில் நின்றுவிடும். பிறகு டிரம்மை மெல்ல வெளியே இழுத்துப் பார்ப்பார். பளபளக்கும் அந்த உருளையின் மேல் எழுத்துகள் இடம்வலம் மாறி, ஊதினால் பறந்துவிடும் தூளாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவர் தேடுவது அந்தத் தூளின் அடர்த்தியைத்தான். டிரம்மின் மேல் எழுத்து கன்னங்கரேலென்று இருந்து, தாளில் மட்டும் வெளுத்திருந்தால், டிரம்மிலிருந்து தாளுக்குத் தாவும் இடத்தில் கறுப்பு தொலைகிறது. டிரம்மிலேயே எழுத்து சோகை பிடித்ததுபோல் இருந்தால், தொலைந்தது அதற்கும் முன்னால். ஒரே பார்வையில் சந்தேகப் பட்டியலில் பாதி கழிந்துவிடுகிறது. வெளுப்பு என்பது நோயின் பெயரல்ல, அறிகுறி. அதைக் கண்டவுடன் கைக்கு வந்த பாகத்தை மாற்றுவது காசுக்குக் கேடு. கறுப்பு கடந்து வரும் வழியைத் தெரிந்துகொண்டு, எந்த இடத்தில் அது குறைந்தது என்று பார்ப்பதுதான் வைத்தியம். (இந்தச் சோதனையில் இரண்டு எச்சரிக்கை: சூடேற்றும் உருளைப் பக்கம் கை போகக்கூடாது, டிரம்மை வெளிச்சத்தில் நெடுநேரம் வைக்கக்கூடாது. ஒளி அதிகம் பட்ட டிரம் அடுத்துவரும் நகல்களைக் கெடுக்கும்.)

அந்த வழி முழுவதையும் கையாலேயே நடத்திக் காட்டிய ஒரு நாள் உண்டு. 1938 அக்டோபர் 22, நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் அஸ்டோரியா. செஸ்டர் கார்ல்சன் இயற்பியல் படித்தவர். காப்புரிமைப் பிரிவு ஒன்றில் வேலை. காப்புரிமை ஆவணங்களுக்குப் படிகள் எப்போதும் போதாது. கையால் எழுதிப் படியெடுக்க அவருடைய மூட்டுவாதம் விடாது. வாடகைக்குப் பிடித்த சிறு அறையில், ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓட்டோ கோர்னையை உதவிக்கு வைத்துக்கொண்டு சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார்கள். தகட்டில் மின்னூட்டம் ஏறியது. மையால் தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்துப் பளிச்சென்ற விளக்கைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் கசிந்து வெளியேறியது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கிவிட்டது. லைக்கோபோடியம் என்ற செடியின் நுண்ணிய வித்துத் தூளைத் தூவி ஊதியபோது, மின்னூட்டம் தங்கிய எழுத்துகளில் மட்டும் தூள் நின்றது. மெழுகுத்தாளை வைத்து அழுத்திச் சூடு காட்டியதும் முதல் நகல் கிடைத்தது.

மின்னூட்டம், ஒளி, தூள், தாள், சூடு. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வரிசை மாறவில்லை. அந்த அறையில் ஒவ்வொரு படியும் கண்முன்னே நடந்தது. ஒன்று சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திப் பார்க்க முடிந்தது. பிறகு இயந்திரம் வந்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் மூடிவிட்டது. பாதியில் கதவைத் திறக்கும் மெக்கானிக், மூடிய படிகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்.

கார்ல்சனின் கண்டுபிடிப்பை இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வேண்டாம் என்றன. 1944இல் ஒஹாயோ மாநிலத்தின் பேட்டல் ஆய்வு நிலையம் கைகொடுத்தது. அங்கேதான் கந்தகத்தின் இடத்துக்குச் செலினியம் வந்தது. இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாத பொருள், ஒளி பட்டால் கடத்துகிறது: இந்தக் குணம் செலினியத்தில் கந்தகத்தைவிடப் பல மடங்கு கூர்மை. ராச்செஸ்டர் நகரின் ஹாலாய்டு நிறுவனம் (பின்னாளில் ஜெராக்ஸ்) 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த 914 என்ற இயந்திரம் ஏறக்குறைய 300 கிலோ எடை. 9 அங்குல அகலம், 14 அங்குல நீளம் வரை தாள் எடுக்கும் என்பதால் அந்த எண். சாதாரணத் தாளில் பொத்தானை அழுத்தி நகல் எடுக்கும் பழக்கம் அலுவலகங்களில் அதிலிருந்து வேரூன்றியது.

செலினியத்துக்கு ஒரு பார்வைக் கோளாறு இருந்தது. நீல ஒளியை நன்றாக உணரும், சிவப்பு ஒளி அதற்கு மங்கல். நீல மையால் எழுதிய கையெழுத்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால், டிரம்முக்கு அதுவும் வெள்ளைத் தாளும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் காலத்து நகல்களில் அச்சு எழுத்து கறுப்பாகவும் நீல மைக் கையெழுத்து வெளுத்தும் விழுந்ததற்குக் காரணம் இயந்திரப் பழுதல்ல, டிரம்மின் நிறப் பார்வை.

இனி வருவதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். ‘காப்பி லைட்டா வந்தா கரோனா கம்பியைத் துடை’ என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் தொழில் பாடம். டிரம்முக்கு மேலே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி அது. பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் சுற்றியுள்ள காற்றை அயனியாக்கி, டிரம்மின் மேல் மின்னூட்டத்தைப் பொழியும். பழைய அனலாக் இயந்திரங்களுக்கு அந்தப் பாடம் மிகச் சரி. அவை கார்ல்சனின் தர்க்கப்படி ஓடின: மின்னூட்டம் தங்கிய இடம் கறுப்பு, ஒளி பட்டு மின்னூட்டம் இழந்த இடம் வெள்ளை. கம்பியில் தூசு படிந்து மின்னூட்டம் குறைந்தால் கறுப்பும் குறையும். கம்பி அறுந்தே போனால் வெறும் வெள்ளைத் தாள் வெளியே வரும்.

இன்றைய டிஜிட்டல் இயந்திரத்தில் இந்தத் தர்க்கம் தலைகீழ். அது மூலத்தாளைப் படம் பிடித்து நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு லேசர் ஒளியால் டிரம்மின் மேல் எழுதுகிறது. பக்கத்தில் எழுத்து மறைக்கும் பரப்பு மிகக் கொஞ்சம், மீதியெல்லாம் வெள்ளை. அதனால் லேசர் கறுப்பாக வேண்டிய புள்ளிகளை மட்டும் சுடும்படி அமைத்தார்கள். டிரம் முழுவதும் சுமார் 700 வோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். லேசர் பட்ட புள்ளிகளில் அது 100 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். டோனரும் எதிர்மின்னூட்டம் கொண்டது. 700 வோல்ட் உள்ள இடம் அதைத் தள்ளிவிடும்; இறங்கிய இடத்தில் அது போய் உட்காரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஓர் அழுத்தத்தில், தூளை ஏந்திவரும் டெவலப்பர் உருளை நின்று, எந்தப் பக்கம் போவது என்பதைத் தூளுக்கு நிர்ணயிக்கும்.

விளைவு என்ன? டிஜிட்டல் இயந்திரத்தில் மின்னூட்டம் சரியாக ஏறாவிட்டால் நகல் வெளுக்காது, அழுக்கேறும். அடியோடு ஏறாவிட்டால் தாள் முழுக்கக் கறுப்பாக வரும். கண்ணாடி, ஆடி, லென்சில் படியும் தூசும் இப்படியே இரண்டு முகம் காட்டுகிறது. அனலாக்கில் தூசு ஒளியைத் தடுத்தால் வெள்ளை சரியாக வெளுக்காது. தாளின் பின்னணி சாம்பல் பூத்துவிடும். டிஜிட்டலில் லேசர் வெளியேறும் சன்னல் கண்ணாடியில் தூசு படிந்தால் கறுப்பு சரியாகக் கறுக்காது. தாள் நகரும் திசையில் நீள வாக்கில் வெளிறிய பட்டைகள் ஓடும். ஒரே தூசு, இரண்டிலும் ஒளி வரும் வழியில், விளைவு மட்டும் நேர் எதிர். அனலாக்கில் கை பழகிய ஒருவர் டிஜிட்டலில் அதே மருந்தைக் கொடுத்துப் பலன் காணாமல் போவதற்கு இதுவே காரணம். அவருடைய அனுபவம் பொய்யல்ல. இயற்பியலின் குறி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

டிஜிட்டல் இயந்திரத்தில் கதவைத் திறப்பதற்கும் முன்பே செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கணினியிலிருந்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். அது கறுப்பாக வந்து, கண்ணாடிமேல் வைத்து எடுத்த நகல் மட்டும் வெளுத்தால், டிரம்மும் டோனரும் நிரபராதிகள். கோளாறு மூலத்தாளைப் படிக்கும் பகுதியிலோ அமைப்பிலோ இருக்கிறது. அடர்த்தி குறைத்து வைத்திருக்கலாம், எழுத்துக்குப் பதில் புகைப்படம் என்ற நிலையில் இருக்கலாம், மூலமே பென்சில் எழுத்தாக இருக்கலாம். இரண்டுமே வெளுத்தால் எழுதும் பக்கத்துக்கு வரவேண்டும். டோனர் சிக்கன நிலையை யாராவது போட்டுவிட்டு மறந்திருந்தாலும் வெளுக்கும். அதைப் பார்க்காமல் பாகம் மாற்றிய செலவுகள் ஏராளம்.

எழுதும் பக்கத்தில் நான் மிகவும் வியப்பது டோனர் தூளைத்தான். பிளாஸ்டிக் பிசினும் கரிக்கறுப்பும் கலந்து செய்த துகள். குறுக்களவு 7, 8 மைக்ரோமீட்டர், தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. இது தானாக எங்கும் போகாது. மின்னூட்டம் ஏறினால்தான் நகரும். பெரிய அலுவலக இயந்திரங்களில் அந்த மின்னூட்டம் உராய்வால் வருகிறது. காந்தத் தன்மையுள்ள கேரியர் மணிகளோடு டோனரைப் போட்டுக் கலக்கும்போது, எள்ளில் புரட்டிய உருண்டைபோல் ஒவ்வொரு மணியையும் தூள் போர்த்திக்கொள்ளும். உரசலில் மணி ஒரு குறியும் தூள் எதிர்க்குறியும் பெறுகின்றன. கார்ல்சனின் கைக்குட்டை செய்த வேலைதான் இங்கும் நடக்கிறது. டெவலப்பர் எனப்படும் இந்தக் கலவையில் டோனர் எடையளவில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு இருந்தால் போதும், மீதியெல்லாம் மணிகள். டோனர் தீரத்தீர நிரப்பப்படும், மணிகளோ அப்படியே சுழன்றுகொண்டிருக்கும். பல்லாயிரம் நகல் ஓடியபின் அவற்றின் மேல் டோனரின் பிசின் படலமாக அப்பிவிடும். உரசினாலும் மின்னூட்டம் சரியாக ஏறாது. அப்போது எழுத்து வெளுத்து, கூடவே வெள்ளைப் பகுதியில் தூசுபோலக் கறுப்பும் தூவிக்கிடக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் டெவலப்பர் தேய்ந்ததற்கு அடையாளம். புதிய டோனர் ஊற்றுவது அதற்கு மருந்தாகாது.

கண்ட பொடியையும் நிரப்புவதால் வரும் கேடும் இங்கேதான். சிறிய லேசர் இயந்திரங்கள் பலவற்றில் கேரியர் மணிகள் கிடையாது. டோனரிலேயே இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும், உள்ளே காந்தம் உள்ள உருளை அதை இழுத்துப் பிடிக்கும். அதில் காந்தமில்லாத தூளை நிரப்பினால் உருளை அதைப் பிடிக்காது. டப்பா நிறைந்திருக்கும், தாள் வெளுத்திருக்கும்.

எழுத்தைவிடப் பெரிய கறுப்புப் பரப்பு முதலில் வெளுப்பதைக் கவனித்திருப்பீர்கள். மின்புலம் ஓரங்களில் வலுத்தும் பரப்பின் நடுவில் மெலிந்தும் இருப்பது இதற்குக் காரணம். எழுத்தின் கோடு முழுவதுமே ஓரம்தான். தடித்த பட்டைக்கு நடு என்று ஒன்று உண்டு. தொடக்க கால இயந்திரங்களில் பெரிய கறுப்பு வட்டங்கள் விளிம்பு மட்டும் கறுத்து உள்ளே வெறுமையாக விழும். டிரம்முக்கு அருகே ஒரு மின்முனையை நிறுத்தி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். இன்றும் தூள் வரத்து குறையத் தொடங்கினால் எழுத்து சமாளித்துக்கொள்ளும், பட்டை காட்டிக்கொடுத்துவிடும். மெக்கானிக் கறுப்புப் பட்டை உள்ள தாளைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான்.

அடுத்தது வானிலை. ஒரே இயந்திரம் குளிரூட்டிய அறையில் ஒரு விதமாகவும், ஐப்பசி அடைமழையில் வேறு விதமாகவும் வெளுக்கும். காற்று மிக வறண்டிருந்தால் டோனரின் மின்னூட்டம் கசிய வழியில்லாமல் அளவுக்கு மீறி ஏறிவிடும். ஒவ்வொரு துகளும் அதிக மின்னூட்டம் சுமந்தால், டிரம்மின் மின்புலத்தை நிறைவு செய்யக் குறைந்த துகள்களே போதும். அதற்கு மேல் அது இழுக்காது. டிரம்மிலேயே எழுத்து வெளுக்கிறது. டப்பாவில் தூள் நிறைய இருந்தும் நகல் சோனியாக வருவது இப்படித்தான்.

மழைக்காலத்து வெளுப்பு டிரம்மைத் தாண்டி நடக்கிறது. டிரம்மிலிருந்து தூளைத் தாளுக்கு இழுக்க, தாளின் முதுகுப் பக்கம் நேர்மின்னூட்டம் தருகிறார்கள். தாள் மின்கடத்தாப் பொருளாக இருக்கும்வரை அந்த மின்னூட்டம் அங்கேயே நின்று தூளை இழுக்கும். ஈரம் குடித்த தாள் மின்சாரத்தைக் கடத்தும். கொடுத்த மின்னூட்டம் தாள் வழியே ஓடி, தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தில் இறங்கிவிடும். தூளில் ஒரு பகுதி டிரம்மிலேயே தங்கிப்போகும். அப்படி வந்த நகலில் வெளுப்பு சீராக இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. வெற்றுப் பக்கம் ஒன்றை நகலெடுத்து, வெளியே வந்த வெறுந்தாளை அதே சூட்டோடு மறுபடி உள்ளே கொடுத்து உண்மையான நகலை எடுங்கள். முதல் முறை சூடேற்றும் உருளையைக் கடந்தபோதே அதன் ஈரம் வற்றியிருக்கும். இப்போது கறுப்பு நன்றாக விழுந்தால் குற்றவாளி தாள்தான். இரண்டு பக்கமும் நகலெடுக்கும்போது முதல் பக்கம் வெளுத்து இரண்டாம் பக்கம் கறுப்பாக வந்தாலும் பொருள் அதுவே.

பிரித்த ரீமை மேசைமேல் திறந்து போட்டிருக்கும் அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும். உறையிலிருந்து தேவைக்கு மட்டும் எடுத்து, மீதியை இறுக மடித்துவைத்தால் பாதித் தொல்லை தீரும். பலர் அறியாத இன்னொன்றும் இருக்கிறது. பல பெரிய இயந்திரங்களில் தாள் தட்டுக்குக் கீழே ஈரம் நீக்கும் சிறு ஹீட்டர் உண்டு. இயந்திரம் ஓடாதபோதும், மின்இணைப்பு இருக்கும்வரை அது இதமாகச் சுட்டுக்கொண்டிருக்கும்படி அமைத்திருப்பார்கள். மாலையில் சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்தில், ஹீட்டர் தேவைப்படும் இரவு முழுவதும் அது குளிர்ந்து கிடக்கிறது. காலையில் முதலில் வரும் நகல்கள் வெளுப்பது அங்கிருந்து தொடங்கலாம்.

டிரம்மின் முதுமையையும் சொல்லவேண்டும். இன்றைய டிரம்களில் செலினியம் இல்லை. பெரும்பாலானவற்றில் 25 மைக்ரோமீட்டர் அளவிலான கரிமப் படலம் பூசியிருக்கும். 700 வோல்ட் அந்த மெல்லிய படலத்தின் குறுக்கே நிற்கிறது. மீட்டர் கணக்கில் சொன்னால் 2.8 கோடி வோல்ட். காற்றோ 30 லட்சத்திலேயே தாங்காமல் பொறி கக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சிய தூளை வழிக்கும் பிளேடு, படலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. தேய்ந்த டிரம்மில் கீறலும் நிழலும் தோன்றும். ஒளி பட்டும் மின்அழுத்தம் சரியாக இறங்காத பழைய டிரம்மில் கறுப்பும் குறையும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மில் ஓரிடத்தில் அடிபட்டிருந்தால், தாளில் அந்தக் குறை 94 மில்லிமீட்டருக்கு ஒரு முறை திரும்ப வரும். ஸ்கேல் வைத்து அளந்தால் எந்த உருளை என்று தெரிந்துவிடும்.

சில இயந்திரங்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்கின்றன. டிரம்மின் மேல் சிறு கறுப்புக் கட்டம் போட்டு, அதிலிருந்து ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு சென்சார் பார்க்கும். போதிய கறுப்பு இல்லையென்றால் டோனரைக் கூட்டும். அந்தச் சென்சாரின் முகத்திலேயே டோனர் படிந்தால் திரும்பும் ஒளி குறையும். கட்டம் கறுத்துவிட்டது என்று எண்ணி இயந்திரம் டோனரை நிறுத்திவிடும். டப்பா நிறைந்து, டிரம் புதிதாக, டெவலப்பர் புதிதாக இருந்தும் நகல் நாளுக்கு நாள் வெளுத்தால், மெல்லிய துணியால் அந்தச் சென்சாரைத் துடைத்துப் பார்க்கவேண்டும்.

கடைசிப் படியான சூட்டில் கறுப்பு குறைவது வேறு விதம். சுமார் 180 டிகிரி செல்சியசில் பிசின் உருகித் தாளின் இழைகளுக்குள் இறங்கவேண்டும். சூடு போதாவிட்டால் எழுத்து கறுப்பாகவே வெளியே வரும், விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். தடித்த தாளில் இது அதிகம்.

சரியாக உருகி ஒட்டிய நகல் நாள்பட வெளுப்பதில்லை. டோனரின் கறுப்பு கரிதான். வெயில் அதை எளிதில் ஒன்றும் செய்யாது. பெட்டியில் வைத்த சில மாதங்களில் வெளுத்துப்போவது ஏ.டி.எம். சீட்டும் கடை ரசீதும். அவை சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள்கள். அந்த ரசாயனம் நிலைப்பதில்லை. அவற்றை வாங்கிய வாரத்திலேயே நகலெடுத்துவைப்பது நல்லது. பட்டா, பத்திரம், மதிப்பெண் சான்று ஆகியவற்றின் நகலைப் பல ஆண்டு வைத்திருக்க நினைப்பவர்கள் உறையைப் பார்த்து வாங்கவேண்டும். வளைந்துகொடுக்கும் பி.வி.சி. உறைகளில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் டோனர் பிசினை இளக்கி எழுத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். தாளை உருவும்போது எழுத்து உறையோடு போய்விடும். பாலிப்ரொப்பிலீன் உறையோ சாதாரணக் காகித உறையோ அப்படிச் செய்யாது.